லாங்கே குன்றுகளில் எட்டுப் பேர், ஒரு மேசை: வருவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பா என்ற ஊரைச் சுற்றியிருக்கும் குன்றுகளுக்கு லாங்கே என்று பெயர். பரோலோ, பார்பரேஸ்கோ ஒயின்கள் பிறக்கிற இடம். அங்கே எட்டுப் பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு ஆறு நாள் போய், சமைத்து, சாப்பிட்டு, தோட்டங்களில் நடந்து, ஒயினைச் சுவைத்துவிட்டு வருகிறோம். சேர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், அந்த இடங்களில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். முதல் நாள் எதுவும் தெரியாமல் வந்தவர்கள் நான்காம் நாள் இரண்டு கிளாஸை மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டு, இது அந்தக் குன்றுடையது இல்லையே என்று சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாக்கும் மூக்கும் எல்லோருக்கும் இருக்கிறது, சொற்கள்தான் வர வேண்டும், அவை பழகப் பழக வந்துவிடும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. பரோலோவும் பார்பரேஸ்கோவும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்பவை. அந்தத் திராட்சையின் முதல் அடையாளமே துவர்ப்புதான், தோலிலும் விதையிலும் இருந்து வருவது. நாம் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாகவே வைத்து, அதற்குத் தனிப் பெயரும் கொடுத்துவிட்டோம். ஈறுகளில் இழுத்துப் பிடிக்கிற அந்த உணர்வு ஒரு குறை இல்லை, ஒரு சுவை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் நெபியோலோவின் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கிளாஸில் வெளிர் சிவப்பாக, லேசான ஒயின் மாதிரி தெரியும், வாயில் வைத்ததும்தான் பலம் தெரியும்.

நான் மது குடிப்பதே இல்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. குடிக்காதவர்களும் எங்களோடு வந்திருக்கிறார்கள், அவர்களை யாரும் ஒரு முறைகூட வற்புறுத்தியதில்லை, வற்புறுத்த விடவும் மாட்டேன். ஒயினை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். இந்தப் பகுதிக்கு ஒயின் ஒரு பக்கம்தான். இதே ஆல்பாவில்தான் 1946-ல் ஃபெரேரோ சாக்லேட் நிறுவனம் தொடங்கியது, 1964-ல் அதன் நுடெல்லா என்ற ரொட்டியில் தடவும் சாக்லேட் பசை வந்தது. அதற்கெல்லாம் அடிப்படை இந்தக் குன்றுகளில் விளையும் ஹேசல்நட் கொட்டை. பக்கத்து ஊரான பிரா, ஸ்லோ ஃபுட் இயக்கத்தைத் தொடங்கிய கார்லோ பெட்ரினியின் ஊர், அவசரச் சாப்பாட்டுக்கு எதிராக உள்ளூர் உணவைக் காக்கிற அந்த இயக்கம் வேர்விட்ட இடம். அந்த இயக்கத்தின் முயற்சியில் 2004-ல் தொடங்கிய உணவு அறிவியல் பல்கலைக்கழகம் பொல்லென்சோவில் இருக்கிறது. சீஸ், கொட்டை, பூஞ்சை, மாவு, காய்கறி என்று சாப்பாட்டில் மனம் வைத்தவர்களுக்கு ஆறு நாள் போதவே போதாது.

ஏன் எட்டுப் பேர் மட்டும்? இன்னும் நான்கு பேர் சேர்ந்தால் செலவு குறையுமே?

குறையும்தான். ஆனால் சுற்றுலாவின் தன்மையே மாறிவிடும். இங்கே பெரும்பாலான ஒயின் வீடுகள் உண்மையாகவே வீடுகள்தான். மாடியில் குடும்பம், கீழே நிலவறை, பின்னால் தோட்டம். திராட்சையை வெட்டுகிறவர், பீப்பாயைக் கழுவுகிறவர், நம் கிளாஸில் ஊற்றுகிறவர் எல்லாம் ஒரே ஆளாக இருப்பார். அவர் மேசையைச் சுற்றி எட்டு நாற்காலி போடலாம், பன்னிரண்டு போட்டால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். எட்டுப் பேர் என்றால் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்க முடியும், அவர் பதில் சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியும். பெரிய பேருந்தில் வரும் கூட்டத்துக்குக் கிடைப்பது மனப்பாடமான ஒரு பேச்சு.

இந்தச் சிறிய அளவுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பார்பரேஸ்கோவில் 1958-ல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவைத் தொடங்கினார், முதல் சில வருட ஒயினைத் தேவாலயத்தின் நிலவறையில்தான் செய்தார்கள். துண்டு துண்டாகத் தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலைதான் காரணம். இன்று அந்தக் குன்றுகளைப் பார்க்கும்போது ஒரு சரிவிலேயே பத்து வேலிக்கல் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பப் பெயர். அந்த அளவு மனிதர்களைப் பார்க்க அந்த அளவுக் குழுவாகத்தான் போக வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

எந்த மாதம் நல்லது?

உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது.

வெள்ளை டிரஃபிள் (மண்ணுக்கடியில் விளைகிற, வாசனை மிகுந்த, விலை உயர்ந்த பூஞ்சை) வேண்டுமென்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிக்குள் வாருங்கள். ஆல்பாவின் டிரஃபிள் சந்தை அந்தச் சமயம் வார இறுதிகளில் நடக்கும், ஊர் முழுக்க அந்த வாசனை, அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் நெபியா. நெபியோலோ என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். நவம்பர் காலையில் லா மோர்ரா ஊரின் முகப்பில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்து, குன்றின் உச்சிகள் மட்டும் தீவுகள் மாதிரி நிற்கும். சில நாள் அந்தப் பனி மதியம்வரை விலகாது, எதுவுமே தெரியாமலும் போகலாம், அதற்கும் தயாராக வாருங்கள்.

அறுவடை பார்க்க ஆசை என்று செப்டம்பர் கேட்பவர்கள் அதிகம். நெபியோலோ கடைசியாகப் பழுக்கிற ரகம், பெரும்பாலும் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில்தான் வெட்டுவார்கள். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: அறுவடை வாரத்தில் ஒயின் செய்கிறவருக்கு நம்மோடு உட்கார நேரம் இருக்காது. ஒரு வருடம் ஆசைப்பட்டு அந்த வாரத்தில் ஒரு நிலவறைக்கு நேரம் வாங்கி வைத்தேன். மழை வரப்போகிறது என்று எல்லோரும் தோட்டத்துக்கு ஓடிவிட்டார்கள், நாங்கள் முற்றத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். அவர்கள் மேல் தவறே இல்லை.

எனக்குப் பிடித்தது மே. கொடி துளிர்த்திருக்கும், கூட்டம் இருக்காது, எல்லோருக்கும் பேச நேரம் இருக்கும். ஆகஸ்டைத் தவிருங்கள், பாதி வீடுகள் விடுமுறையில் பூட்டியிருக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் ஒரு வேலை, மதியம் நீண்ட சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, சாயங்காலம் இன்னொரு வேலை. ஒரு நாளில் இரண்டு ஒயின் வீடுகளுக்கு மேல் போவதில்லை. மூன்றாவது வீட்டில் நாக்கு எதையும் சொல்லாது, பெயர்கள் மட்டும் குழம்பும். ஆறு நாளில் சந்தை ஒரு நாள், சமையல் இரண்டு முறை, டிரஃபிள் நடை ஒன்று (பருவத்தில்), சீஸ் செய்யும் பண்ணை ஒன்று, ஒயின் வீடுகள் ஆறோ ஏழோ. நடுவில் ஒரு அரை நாள் எதுவுமே வைப்பதில்லை. அன்று லா மோர்ராவுக்குக் கீழே தோட்டத்தின் நடுவில் இருக்கும் சின்னச் சிற்றாலயத்துக்கு நடந்து போகலாம். கைவிடப்பட்டுக் கிடந்த அதற்கு 1999-ல் சால் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரண்டு ஓவியர்கள் வண்ணம் பூசினார்கள். இல்லையென்றால் தூங்கலாம்.

சாப்பாடு எவ்வளவு இருக்கும்?

நினைப்பதைவிட அதிகம். பியெமோந்தேயில் சாப்பாடு தொடங்குவதே நான்கைந்து முன்தட்டுகளோடுதான். மெல்லிய கன்றிறைச்சித் துண்டுகள் மேல் சூரைமீன் சாஸ் ஊற்றிய விதெல்லோ தொன்னாத்தோ, கத்தியால் கொத்திய பச்சை மாட்டிறைச்சி, வறுத்த குடைமிளகாய், காய்கறிப் புட்டு மாதிரியான ஸ்ஃபோர்மாத்தோ என்று வந்துகொண்டே இருக்கும். இதுதான் சாப்பாடு என்று நினைத்து இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் பாஸ்தா, அதற்கப்புறம் இறைச்சி, கடைசியில் கொக்கோவும் அமரெத்தி பிஸ்கட்டும் சேர்த்த போனெத் என்ற இனிப்பு. எல்லாவற்றிலும் கொஞ்சம் வையுங்கள். தட்டில் மிச்சம் வைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஒரு பாட்டி வீட்டில் சாப்பிடும்போது மட்டும் அந்தப் பாட்டி சொல்வார்.

நான் சைவம். உண்மையைச் சொல்லுங்கள், சமாளிக்க முடியுமா?

முட்டையும் சீஸும் சாப்பிடுவீர்கள் என்றால் நன்றாகவே சமாளிக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் முன்கூட்டியே பேசுவோம். ஏனென்றால் இந்தச் சமையலில் முட்டை அடித்தளம். தாயாரின் என்ற மெல்லிய பாஸ்தாவுக்கு ஒரு கிலோ மாவுக்கு முப்பது நாற்பது மஞ்சள் கரு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே கவனம் தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள். பார்க்கச் சைவமாக இருக்கும் சிலது சைவம் இல்லை. பூண்டும் எண்ணெயும் சேர்ந்து மணக்கிற சூடான பான்யா காவ்தாவில் காய்கறிகளைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள், ஆனால் அதில் உப்பிட்ட நெத்திலி கரைந்திருக்கும். கடலே இல்லாத இந்தக் குன்றுகளுக்கு நெத்திலி எப்படி வந்தது என்றால், தெற்கே இருக்கும் லிகூரியா மாநிலத்துக் கடற்கரையிலிருந்து உப்பு வந்த பழைய வணிகப் பாதைகள் வழியாக. விரல் நுனியால் கிள்ளி மூடுகிற அன்யொலோத்தி தெல் பிளின் (பிளின் என்றால் கிள்ளு) என்ற பாஸ்தாவின் உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான். ரிசோட்டோ என்ற குழைந்த அரிசிச் சாதம் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். பாரம்பரிய சீஸ் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட் சேர்ப்பார்கள். அது உங்களுக்கு ஆகாது என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, என்ன சாப்பிடலாம்? வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட தாயாரின், காஸ்தெல்மாஞ்ஞோ சீஸில் புரட்டிய நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டைகள், பொலெந்தா என்ற சோளமாவுக் களி, முட்டை மேல் துருவிய டிரஃபிள், ஹேசல்நட் கேக். நான் ஒவ்வொரு சமையலறைக்கும் இரண்டு வாரம் முன்பே எழுதி, முந்தைய நாள் மறுபடி போன் செய்து உறுதிப்படுத்துவேன். சைவம் என்று ஒரு சொல் சொன்னால் போதாது, மீன் இல்லை, கோழி இல்லை, இறைச்சிச் சாறு இல்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையது.

அலர்ஜி இருக்கிறது. கர்ப்பமாக இருக்கிறேன். வேறு ஏதாவது உடல்நிலை?

கொட்டை அலர்ஜி தீவிரமாக இருப்பவர்களை நான் இந்தப் பகுதிக்கு வரச் சொல்வதில்லை. கேக், பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் ஹேசல்நட் இருக்கும், இல்லாத பண்டத்திலும் அதன் மாவு ஒட்டியிருக்கலாம். பணத்தைவிட உங்கள் உயிர் பெரிது. கோதுமைப் பசைப்புரதம் (குளூட்டன்) ஆகாதவர்களுக்கு இத்தாலி நல்ல நாடு, அந்தப் பிரச்சினையைப் பற்றி அங்கே உணவகங்களுக்கு நன்றாகத் தெரியும். கர்ப்பிணிகள் ஒயினோடு பச்சை இறைச்சியையும், காய்ச்சாத பாலில் செய்த சீஸையும் தவிர்க்க வேண்டியிருக்கும். பிராவின் புகழ்பெற்ற சாசேஜைக்கூட அங்கே பச்சையாகத்தான் சாப்பிடுவார்கள். அடுத்த வருடம் வாருங்கள் என்றுதான் அன்போடு சொல்வேன்.

சுவைத்த ஒயினைத் துப்பினால் அவமரியாதையா?

இல்லவே இல்லை. செய்தவரே துப்புவார். அதற்கென்று ஒரு பாத்திரம் மேசையில் இருக்கும். ஒரு வீட்டில் ஐந்தாறு ஒயின் வரும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய் அளவு. பரோலோவில் ஆல்கஹால் சாதாரணமாகவே 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும், எல்லாவற்றையும் விழுங்கினால் மதியச் சாப்பாட்டில் தூக்கம் வந்துவிடும். மொஸ்காத்தோ தாஸ்தி என்ற இனிப்பு ஒயின் மட்டும் 5 சதவீதம் அளவில்தான், அதைப் பழத்தோடு ஒரு கிளாஸ் நிம்மதியாகக் குடிக்கலாம். அன்று சென்ட் மட்டும் பூசாதீர்கள், பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் அது கெடுத்துவிடும்.

டிரஃபிள் தேடப் போவது உண்மையா, நடிப்பா?

நேராகவே சொல்கிறேன். டிரஃபிள் தேடுகிற த்ரிஃபொலாவோ தன் நல்ல இடங்களை மகனுக்குக்கூடக் கடைசிவரை சொல்ல மாட்டார், இரவில் தனியாகத்தான் போவார். பார்வையாளர்களுக்கு அவர் காட்டுவது வேறு தோப்பு. சில இடங்களில் முன்கூட்டியே புதைத்து வைப்பதும் உண்டு. நாங்கள் போகிறவரிடம் புதைக்க வேண்டாம், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் வெறுங்கையோடு திரும்பிய நாளும் உண்டு. ஆனால் நாய் வேலை செய்வதைப் பார்ப்பதே தனி அனுபவம். மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போய், திடீரென்று ஓரிடத்தில் நின்று வாலும் உடம்பும் துடிக்கத் தோண்டும். அது டிரஃபிளைக் கடிப்பதற்குள் அவர் கையை வைத்து, ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து விலக்குவார். மனிதனும் நாயும் சேர்ந்து செய்கிற இந்தத் தேடலை 2021-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உணவகத்தில் டிரஃபிளை மேசைக்குக் கொண்டுவந்து, துருவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, கிராம் கணக்கில் பணம் வாங்குவார்கள். அன்றைய விலையைக் கேட்டுவிட்டுத் தலையசையுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

எனக்குச் சமைக்க வராது. சமையல் வகுப்பில் என்ன செய்வேன்?

மாவு பிசைவீர்கள். பிசைந்து முடிக்கும்போது வந்துவிடும்.

பரோலோ ஏன் இவ்வளவு விலை?

முதல் காரணம் இடம். 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவுக்கு மட்டும்தான் அந்தப் பெயர், அதிலும் நல்ல வெயில் விழுகிற சரிவுகளுக்கே கிராக்கி. இரண்டாவது காரணம் காலம். அறுவடை வருடத்தின் நவம்பர் 1-லிருந்து குறைந்தது 38 மாதம் காத்திருந்த பிறகுதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்ற நீண்ட நாள் முதிர்ந்த வகை என்றால் 62 மாதம். மூன்று வருடத்துக்கு மேல் பணம் வராமல் ஒரு குடும்பம் நிலவறையைக் காக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பம் தினமும் சாப்பாட்டோடு குடிப்பது வேறு திராட்சைகளில் செய்கிற தொல்செத்தோவோ பார்பேராவோதான், அவை விலை குறைந்தவை, அவற்றை அலட்சியமாகத் தள்ளாதீர்கள்.

எப்படி வந்து சேர்வது? விசா?

துரினோ (டுரின்) விமான நிலையம் பக்கம், மிலானோவின் மல்பென்சா கொஞ்சம் தூரம். துரினோ ரயில் நிலையத்தில் எல்லோரும் கூடி, அங்கிருந்து எங்கள் வேனில் போவோம். ஷெங்கன் விசா தேவைப்படுகிற பாஸ்போர்ட் என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் கொடுக்காதீர்கள், மூன்று மாதம் முன்பே முடியுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். தங்குமிட உறுதிக் கடிதம் நான் தருவேன், விசா கிடைக்கும் என்ற உறுதியை யாராலும் தர முடியாது.

நானே கார் ஓட்டிக்கொண்டு பின்னால் வரட்டுமா?

வேண்டாம். இத்தாலியில் ஓட்டுநருக்கு வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், காவலர்கள் நிறுத்திச் சோதிப்பார்கள். அதோடு வளைவும் பனியுமான சாலைகள்.

தனியாக வருகிறேன், ஒதுக்கப்பட்டது போல இருக்குமோ?

பாதிப் பேர் தனியாக வருகிறவர்கள்தான். ஒரே மாவை இரண்டு பேர் உருட்டினால் பழக்கம் தானாக வந்துவிடும். ஒவ்வொரு வேளையும் இருக்கையை மாற்றி உட்காரச் சொல்வேன், தம்பதிகளையும்தான். தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, வீட்டுக்காரர் வாங்குகிற தொகைக்கு மேல் நான் வைப்பதில்லை.

நடக்க வேண்டியிருக்குமா?

தினம் ஒரு மணி நேரம், ஏற்ற இறக்கத்தில். மழைக்குப் பின் அந்தச் சுண்ணாம்புக் களிமண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, கணுக்காலை மூடுகிற ஷூ கொண்டு வாருங்கள். நிலவறைகள் கோடையிலும் குளிராக இருக்கும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். மூட்டு வலி உள்ளவர்கள் முன்பே சொன்னால் நடையின் முடிவில் வேன் வந்து நிற்கும்படி செய்யலாம், செங்குத்துப் படிகள் உள்ள நிலவறைகளையும் மாற்றிவிடலாம்.

கட்டணத்தில் எது அடக்கம், எது இல்லை?

அறை, வேன், வகுப்புகள், ஒயின் வீடுகள், காலை உணவு எல்லா நாளும், மதியமும் இரவுமாக ஒன்பது வேளைச் சாப்பாடு அடக்கம். விமானம், விசா, காப்பீடு, மேலே துருவுகிற டிரஃபிள், நீங்கள் வாங்குகிற பாட்டில்கள் அடக்கம் இல்லை. நீங்களாகப் போய்ச் சாப்பிடும் உணவகத்தில் கொப்பெர்த்தோ என்று தலைக்கு ஒரு சிறு தொகை பில்லில் வரும், அது ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம், ஏமாற்று இல்லை. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

ஒயின் பாட்டில் எத்தனை கொண்டுபோகலாம்?

24 சதவீதத்துக்குக் குறைந்த மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவு வரம்பு இல்லை, பெட்டியின் எடைதான் வரம்பு. ஆனால் நீங்கள் இறங்குகிற நாட்டின் சுங்க விதி வேறு, வரியில்லாமல் எத்தனை லிட்டர் என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பையில் ஏற்றாதீர்கள், சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பாட்டில் உறை எங்களிடம் இருக்கிறது. சீஸ், இறைச்சிப் பண்டங்களைப் பல நாடுகள் உள்ளே விடாது.

வாங்கி வந்த பரோலோவை எப்போது திறப்பது?

பயணம் செய்த பாட்டிலைச் சில வாரம் இருட்டில், குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். புதிய வருடத்துப் பரோலோ என்றால் பொறுமை இருந்தால் ஐந்தாறு வருடம் வைக்கலாம், துவர்ப்பு இளகி, உலர்ந்த ரோஜா வாசனை மேலே வரும். பொறுமை இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் முன்பே திறந்து அகலமான ஜாடியில் ஊற்றி வையுங்கள். வெறுமனே குடிக்காதீர்கள், கொழுப்பும் உப்பும் உள்ள ஏதாவது ஒன்றைச் சமையுங்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேராவது இருக்கிற நாளாகப் பாருங்கள், ஒரு பாட்டில் அவர்களுக்குச் சரியாக இருக்கும்.